மூளைக்குத் தண்டால் உண்டா?

"மண்டையில ஏற மாட்டேங்குது." படிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். ஆசிரியர் அம்மாவிடம் சொல்கிறார், அம்மா அப்பாவிடம் சொல்கிறார், கடைசியில் பிள்ளையே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லத் தொடங்குகிறது. மண்டைக்குத் தெம்பு போதவில்லை, தெம்பு ஏற்றிவிட்டால் பாடம் தானாக ஏறிவிடும் என்பது அதன் உள்ளர்த்தம். மூளைப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகள், செயலிகள், கோடை முகாம்கள் எல்லாமே இந்த உள்ளர்த்தத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. தண்டால் எடுத்தால் தோள் திரள்வது போல, பயிற்சி கொடுத்தால் மூளை திரளும் என்கிறார்கள். அது உண்மையா என்று உலகம் கடந்த நூறாண்டுகளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்தச் சோதனைகளில் சில நம் நாட்டிலேயே நடந்தவை.

இந்தக் கேள்வியைச் சென்னையின் அடுக்குமாடி வீட்டிலிருந்து கேட்பது ஒன்று, கொட்டச்சேட்டிலிருந்து கேட்பது வேறொன்று. குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மறுபக்கச் சாலையில் போய்விடும். இங்கே காபிச் செடி, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. இந்தச் சேர்வராயன் மலையின் பழைய குடிகள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம். அவர்கள் மலைக்குரியவர்கள், பேசுவது தமிழ். ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கு வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அதே மலையில் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளை மூன்றாம் வகுப்பில் தன் பெயரைத் தாண்டி எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். அந்தப் பிள்ளையை ஒரு பயிற்சிக்காகச் சேலம் வரை கூட்டிப்போக வேண்டுமென்றால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும். ஆகவே எந்தப் பயிற்சியானாலும் அது பயன் தருமா என்பதோடு, அந்த ஒரு நாள் கூலிக்கு ஈடாகுமா என்றும் கேட்டாக வேண்டும்.

முதலில் எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டில் சுறுசுறுப்பு, ஆனால் எழுத்தைப் படிக்க வரவில்லை. டிஸ்லெக்சியா பற்றிய மருத்துவப் பதிவுகளில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. 1963இல் அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கர்க் இத்தகைய சிக்கல்களை எல்லாம் சேர்த்துக் கற்றல் குறைபாடு என்ற பொதுப்பெயரால் அழைத்தார். வாசிப்பில், எழுத்தில், கணக்கில் என்று அது வெவ்வேறு இடத்தில் பிடிக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கலாம் என்பது மனநல மருத்துவக் கையேடுகளின் கணக்கு. இதில் அறிவுத்திறன் குறைவு இல்லை. நம் பள்ளிகளில் வழங்கும் "மெல்லக் கற்கும் மாணவர்" என்ற சொல்லோ எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. பார்வை மங்கியவன், காலையில் சாப்பிடாமல் வந்தவள், இரண்டு மாதம் பள்ளிக்கே வராதவன், உண்மையிலேயே டிஸ்லெக்சியா உள்ளவள் எல்லோரும் அதற்குள் அடக்கம்.

இனிச் சந்தைக்கு வருவோம். அங்கே பொய், பாதிப் பொய், நேர்மையான நம்பிக்கை மூன்றும் ஒரே தட்டில் விற்கின்றன. பொய்யைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் ஊர் ஊராக "மிட் பிரெயின் ஆக்டிவேஷன்" வகுப்புகள் நடந்தன. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் படித்தார்கள், நிறம் சொன்னார்கள். பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் சோதித்துக் காட்டியபோது, மூக்கின் ஓரத்தில் துணிக்கும் கன்னத்துக்கும் இடையிலான சந்து வழியாகப் பிள்ளைகள் பார்ப்பது தெரிந்தது. அந்த இடைவெளியை அடைத்தால் வித்தை நின்றுவிடும். நடுமூளை என்ற பகுதி எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்கிறது. கண் அசைவும் விழிப்பும் அதைச் சார்ந்தவை. அது தூங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை வகுப்புக்கு நடந்தே வந்திருக்க முடியாது.

பாதிப் பொய்க்கு வயது கூட. தவழ்ந்து போகச் சொல்லியும் கைகால்களைப் பிறர் பிடித்து அசைத்தும் மூளையை மறுபடி ஒழுங்குபடுத்தலாம் என்று 1960களில் அமெரிக்காவில் டோமன், டெலகாட்டோ இருவரும் பரப்பினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1982இலும் 1999இலும் அதற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை விட்டது. வலது கையால் இடது முழங்காலைத் தொட்டால் இரண்டு மூளைப் பாதிகளும் இணையும் என்று சொல்லும் பிரெயின் ஜிம் அசைவுகள் இன்றும் நம் பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டங்களில் தலைகாட்டுகின்றன. உடம்பை அசைப்பது நல்லது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அதனால் வாசிப்பு வரும் என்பதற்குத்தான் ஆதாரம் கிடையாது.

நேர்மையான நம்பிக்கைதான் ஆராயத்தக்கது. அதன் மையத்தில் இருப்பது செயல் நினைவு. 37ஐயும் 48ஐயும் மனசுக்குள் கூட்டிப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தை வைத்து ஒன்றை ஏற்று, மூன்றும் நான்கும் ஏழு, ஏற்றிய ஒன்றோடு எட்டு. அந்த "ஏற்றிய ஒன்றை" நழுவ விடாமல் பிடித்திருந்த இடம்தான் செயல் நினைவு. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளில் பலருக்கு இந்த இடம் சிறியது. நீளமான வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் போய்விடும். "நோட்டை எடு, தேதி போடு, மூன்றாவது கணக்கை எழுது" என்றால் நோட்டை எடுத்ததோடு நின்றுவிடும். இந்த இடத்தைப் பெரிதாக்க முடிந்தால் எல்லாப் பாடத்துக்கும் உதவும் என்று நினைப்பது தவறில்லை. சுவீடனில் டோர்கெல் கிளிங்பெர்க் 2000களின் தொடக்கத்தில் அதையே செய்து பார்த்தார். கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்குக் கணினியில் நினைவு விளையாட்டுகள் கொடுத்தபோது அவர்களின் நினைவு எண்ணிக்கை கூடியது. அதிலிருந்து கோக்மெட் என்ற வணிகப் பயிற்சி பிறந்து பல நாடுகளுக்குப் போனது.

பிறகு பெரிய சோதனைகள் வந்தன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து, செயல் நினைவு குறைவாக இருந்த 452 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் கோக்மெட் பயிற்சி. இரண்டு ஆண்டு கழித்து வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு எதிலும் முன்னேற்றம் இல்லை. கணக்கில் பயிற்சி பெற்றவர்களே சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பயிற்சிக்காக அவர்களை வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப்போனார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஆன செலவு 1,035 ஆஸ்திரேலிய டாலர். முடிவு 2016இல் வெளியானது. அதற்கு முன்பே, 2013இல், மோனிகா மெல்பி-லெர்வாக், சார்லஸ் ஹியூம் இருவரும் அதுவரை வந்திருந்த 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தார்கள். பயிற்சி கொடுத்த விளையாட்டில் பிள்ளை தேறுகிறது, அதைப் போன்ற இன்னொரு விளையாட்டிலும் கொஞ்சம் தேறுகிறது, பாடப் புத்தகத்துக்கு அந்தத் தேர்ச்சி வந்து சேர்வதில்லை.

உளவியலுக்கு இது புதுச்செய்தி இல்லை. 1901இல் தார்ன்டைக், உட்வொர்த் இருவரும் ஒருவகை வடிவங்களின் பரப்பை மதிப்பிடப் பழக்கியவர்களிடம் வேறுவகை வடிவங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழக்கம் பெரிதாக உதவவில்லை. லத்தீன் படித்தால் புத்தி கூர்மையாகும் என்று அன்று ஐரோப்பா நம்பியது. இன்று நாம் அபாக்கஸ் படித்தால் கூர்மையாகும் என்கிறோம்.

அபாக்கஸ் என்றதும் குஜராத்தின் வடோதராவுக்குப் போக வேண்டும். அங்கே ஓர் அறக்கட்டளைப் பள்ளியில் 204 பிள்ளைகளை டேவிட் பார்னரும் கூட்டாளிகளும் மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மனக்கண்ணில் மணிகளை நகர்த்திக் கணக்குப் போடும் அபாக்கஸ், மீதிப் பேருக்கு அதே நேரத்துக்குக் கூடுதல் கணக்கு வகுப்பு. அபாக்கஸ் பிள்ளைகள் கூட்டல் கழித்தலில் முந்தினார்கள். நினைவாற்றலிலோ மற்ற அறிவுத்திறன்களிலோ வித்தியாசம் இல்லை. அதோடு, இடங்களை மனதில் பிடித்துவைக்கும் திறன் தொடக்கத்திலேயே நன்றாக இருந்த பிள்ளைகள்தான் அபாக்கஸால் அதிகம் பயனடைந்தார்கள். நினைவு பலவீனமாக இருப்பதால்தான் அபாக்கஸில் சேர்க்கிறேன் என்று சொல்லும் பெற்றோர் இந்தக் கடைசிச் செய்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

டெல்லியில் மொய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டூஃப்லோ முதலானோர் நடத்திய சோதனை இதைவிடப் பெரியது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முன்பருவ வகுப்புகளில் 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எண்ணுணர்வையும் வடிவ உணர்வையும் வளர்க்கும் விளையாட்டுகள். விளையாட்டுகள் நன்றாகவே வேலை செய்தன. ஒரு வருஷம் கழித்தும் அந்த உணர்வு நிலைத்திருந்தது. ஆனால் தொடக்கப் பள்ளிக் கணக்கில் அதன் சுவடே இல்லை. 2017இல் சயின்ஸ் இதழில் வந்த இந்த முடிவு, ஆய்வாளர்களே எதிர்பார்த்ததற்கு எதிரானது.

இன்னொன்று கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். முக்கால் கிலோ உருளைக்கிழங்கும் ஒன்றரைக் கிலோ வெங்காயமும் என்ன விலை, ஐந்நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லும் பையன், அதே கணக்கைப் பள்ளித்தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தால் திணறினான். தாளில் நன்றாகப் போட்ட பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நமக்குத் தெரியும். கறிச் சுரைக்காயும் ஏட்டுக்கு உதவுவதில்லை என்பது இந்த ஆய்வு சேர்த்த பாதி. கொட்டச்சேட்டில் மிளகையும் காபிப் பழத்தையும் எடை பார்த்துப் பழகிய பிள்ளையிடம் கணக்கறிவு இல்லை என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம். அந்த அறிவுக்கும் கரும்பலகைக்கும் நடுவே யாரோ ஒருவர் பாலம் கட்டியாக வேண்டும். பாலம் தானாக வளராது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுவது நியாயம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 572 முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து வாரம் செயல் நினைவுப் பயிற்சி கொடுத்ததில், சில ஆண்டு கழித்து உயர்கல்விக்கு இட்டுச்செல்லும் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் அவர்களில் அதிகமாக இருந்தார்கள். சுவீடனில் 17,000 பிள்ளைகளைக் கொண்டு கிளிங்பெர்க் நடத்திய பிந்தைய ஆய்வில், கணக்குப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்த இடவுணர்வுப் பயிற்சி கணக்குக்கு உதவியது. இந்த இரண்டையும் நான் ஒதுக்கித்தள்ள மாட்டேன். ஆனால் அவை எல்லாப் பிள்ளைகளிடமும் நடந்தவை, குறைபாடுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து நடந்தவை அல்ல. சுவீடன் பயிற்சியில் கணக்கு உள்ளேயே இருந்தது. நாம் பேசும் பிள்ளைகளைப் போன்றவர்களிடம் நடந்தது மெல்போர்ன் சோதனைதான்.

சதுரங்கத்தைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஆனந்தும் குகேஷும் பிறந்த மண்ணில் செஸ் படித்தால் கணக்கு வரும் என்று யாரும் நம்புவார்கள். இங்கிலாந்தில் நூறு பள்ளிகளை எடுத்து, பாதியில் மட்டும் ஒரு வருஷம் செஸ் கற்றுக்கொடுத்து அடுத்த வருஷம் கணக்கைச் சோதித்தார்கள், வித்தியாசம் பூஜ்யம். பிள்ளைக்குப் பிடித்திருந்தால் செஸ் ஆடட்டும். செஸ் வருவதற்காக ஆடட்டும்.

மூளைப் பயிற்சி விளம்பரங்கள் சட்டத்துக்குப் பதில் சொன்னதும் உண்டு. 2016 ஜனவரியில் லுமாசிட்டி என்ற மூளை விளையாட்டு நிறுவனம், ஆதாரமில்லாமல் மூளைத்திறன் வாக்குறுதி கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடர்ந்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டியது. அதே ஆண்டு லேர்னிங் ஆர்எக்ஸ் என்ற மூளைப் பயிற்சி மையச் சங்கிலி 2 லட்சம் டாலர் கட்டியது. பணம் கட்டிய பெற்றோரை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி "ஏற மாட்டேங்குது" என்று கைவிரித்த பிறகு, "ஏற்றித் தருகிறோம்" என்று சொன்ன ஒரே கதவு அதுதான்.

அப்படியானால் பயிற்சியால் மூளை மாறவே மாறாதா? மாறும். மாற்றுவது எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லக்னோ அருகே கிராமங்களில், எழுத்தே அறியாத, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்தார்கள். முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பார்வைப் புறணிக்கும் மூளையின் ஆழப்பகுதிகளான தலாமசுக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலான ஒத்திசைவு கூடியிருந்தது. விளையாட்டுச் செயலி எதுவும் இல்லை, அ ஆ இ ஈ மட்டும்தான். சியாட்டிலில் வாசிப்பில் திணறிய 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 24 பேருக்கு எட்டு வாரம், தினமும் நான்கு மணி நேரம், ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து வாசிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள். வாசிப்பு தேறியது, அதோடு மூளையின் வெண்பொருள் இழைகளும் மாறின. வாசிப்பு வராத மூளைக்கான பயிற்சி வாசிப்பே என்று இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தோளுக்குத் தண்டால் எடுத்தால் நீச்சல் வராது, தண்ணீரில் இறங்க வேண்டும்.

எந்தத் தண்ணீரில் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வாசிப்பு ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஆங்கிலத்தைப் பற்றியது. தமிழ் எழுத்தின் தொல்லைகள் வேறு. ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம்: கொட்டச்சேடு. ஆறு எழுத்து. முதல் எழுத்தில் கண் முதலில் பார்ப்பது கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். வாய் முதலில் சொல்வதோ க், பிறகு ஒ. அதாவது உயிரின் குறி மெய்யின் இரண்டு பக்கமும் பிளந்து நிற்கிறது, அதில் பாதி ஒலிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. கொம்பின் சுழி ஒன்றா இரண்டா என்பதில் கொ, கோ மாறிவிடும். அடுத்து ட். புள்ளியைத் தவறவிட்டால் சொல் "கொடட" என்று ஆகும். ட்ட என்ற இடத்தில் ட வல்லோசை, கடைசி டு மென்மையாக ஒலிக்கிறது. ஒரே சொல்லுக்குள் ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. டு என்பதில் உகரக் குறி எழுத்தோடு ஒட்டியே வளைகிறது. கு, சு, து மூன்றிலும் அந்தக் குறி வேறு வேறு வடிவம். படிக்கத் தெரிந்த நமக்கு இது எதுவும் கண்ணில் படுவதில்லை. திணறும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு கொண்டை ஊசி வளைவு.

247 எழுத்து என்று பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மீதி 216 இவற்றின் சேர்க்கை. விதி பிடிபட்டால் சுமை குறையும். பிடிபட எவ்வளவு நாள் ஆகும் என்பதில் கன்னட ஆய்வு ஒன்று உதவும். பெங்களூரின் சோனாலி நாக் 2007இல் காட்டியபடி, அட்சர எழுத்துமுறையில் பிள்ளைகள் எழுத்துத் தொகுதி முழுவதையும் பிடிக்க, ஆங்கிலப் பிள்ளைகள் 26 எழுத்தைப் பிடிப்பதைவிட மிக நீண்ட காலம், நான்காம் வகுப்பு அளவுக்குக்கூட ஆகலாம். இரண்டாம் வகுப்பிலேயே உயிர்மெய் முடிந்துவிட்டதாகப் பாடத்திட்டம் கருதி, கொம்பு வைத்த எழுத்தில் தடுமாறும் பிள்ளையை விட்டுவிட்டுக் கதைப்பாடத்துக்குப் போய்விட்டால் அந்தத் தடுமாற்றம் அப்படியே மேல்வகுப்புக்கு ஏறும்.

ஒலிக்கு எழுத்து ஓரளவு ஒழுங்காக அமைந்த மொழிகளில் டிஸ்லெக்சியா பெரும்பாலும் தவறான வாசிப்பாக அல்லாமல் மெதுவான வாசிப்பாகத் தெரியும் என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது. ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. பிள்ளை எழுத்துக்கூட்டிச் சரியாகவே படித்துவிடும், ஆனால் வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். ஆசிரியர் "படிக்கிறான், புரிஞ்சுக்கத்தான் மாட்டேங்கிறான்" என்பார். இன்னொரு பக்கம், தமிழில் சமாளித்த பிள்ளை ஆங்கில வகுப்பில் விழுவதும் உண்டு. ஆங்கிலத்தில் டிஸ்லெக்சியாவும் ஜப்பானிய மொழியில் சரளமான வாசிப்பும் ஒருசேரக் கொண்ட ஒரு பையனைப் பற்றி 1999இல் வைடெல், பட்டர்வொர்த் இருவரும் எழுதியிருக்கிறார்கள். ஆங்கில மதிப்பெண்ணை மட்டும் வைத்து மலைப் பிள்ளைகளுக்கு முத்திரை குத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்தப் பையன் போதும். மலையின் பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள இடைவெளி இதற்கெல்லாம் மேல் ஒரு சுமை.

கற்பிக்கும் முறையில் மர்மம் ஒன்றுமில்லை. சொல்லை அசைகளாகக் கை தட்டிப் பிரிப்பது, ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்குவது, ஓர் எழுத்துக் குடும்பம் உறுதியான பிறகே அடுத்ததற்குப் போவது, சத்தமாக வாசிக்க வைத்துத் தவறை அந்த நொடியிலேயே திருத்துவது, நேற்றையதை இன்றும் கேட்பது. நான்கைந்து பேர் கொண்ட சிறு குழு, தினமும் அரை மணி, மாதக்கணக்கில். ஓர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை என்று வெளிநாட்டிலிருந்து வந்ததன் சாரமும் இதுதான். அதில் மணலில் எழுத்தை வரைந்து பழகுவது ஒரு பகுதி. நமக்குச் சிரிப்பு வரலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதித்தான் பிள்ளைகள் தொடங்கினார்கள். 1790களில் சென்னையின் ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் எடுத்துக்கொண்டு, "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ரோமில் கற்றல் கடினமான பிள்ளைகளிடம் தன் வேலையைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம்முடைய இன்னொரு மலையான கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். அவர் கொடுத்தது உப்புத்தாள் எழுத்துகள். மணலுக்குத் தனிச்சக்தி இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. விரல் மெதுவாகப் போகும்போது கொம்பு எந்தப் பக்கம் என்பதைக் கண் கவனிக்கிறது, அவ்வளவே.

சென்னையில் 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்கு இத்தகைய பயிற்சியைத்தான் கொடுத்துவருகிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் நந்தினி சாட்டர்ஜி சிங் குழு, இந்திய மொழிகளிலேயே டிஸ்லெக்சியாவைக் கண்டறிய டாலி என்ற சோதனைத் தொகுப்பை 2015இல் கொண்டுவந்தது. பெயரில் மூளை இருக்கும் அந்த மையம் கடைசியில் செய்து கொடுத்ததும் எழுத்தையும் சொல்லையும் சோதிக்கும் கருவிதான்.

மலைப் பள்ளியில் ஒரு சிக்கல் கூடுதல். பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் குறைபாடு இருக்கலாம், அல்லது யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை என்பதாகவும் இருக்கலாம். போதுமான கற்பித்தல் கிடைத்தும் வராதபோதுதான் குறைபாடு என்ற பெயருக்கே அர்த்தம். ஆகவே சொல்லிக்கொடுத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. கொரோனா இதை மாநிலம் முழுக்க நடத்திக் காட்டியது. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடியிருந்தபோது பெரிய பின்னடைவு. திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்புகளே காரணம் என்பது அவர்கள் கணக்கு. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தது. மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பிலேயே இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. கண்டுபிடித்த பிறகு அந்த அரை மணியைக் கொடுக்க ஆள் வேண்டும். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் அந்த இடத்தில்தான் கயிறு அறுகிறது.

சொல்லிக்கொடுத்தும் வராத பிள்ளைக்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது. 2018இல் வந்த வழிகாட்டுதல், எட்டு வயதுக்கு மேல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைக் கொண்டு மதிப்பிட்டுச் சான்றிதழ் தரச் சொன்னது, 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்கச் சொன்னது. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவை சான்றிதழால் கிடைக்கும். நகரத்துப் பள்ளிகள் இவற்றை நன்றாகப் பயன்படுத்துகின்றன. கொட்டச்சேட்டுக் குடும்பத்துக்குச் சான்றிதழ் என்பது சேலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நடை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பள்ளிக்கு வரும் நாளில் அந்தப் பிள்ளை பள்ளியில் இருப்பதும், காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போகாமல் இருப்பதும் அதற்கு முன்னால் நடக்க வேண்டியவை.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டியவை கண், காது, வயிறு. சீனாவின் மேற்குக் கிராமப்புறங்களில் இலவசக் கண்ணாடி கொடுத்தே கணக்கு மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கிறார்கள். நம்மிடம் கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது. சளி பிடித்துக் காதில் நீர் கோத்த பிள்ளைக்கு ணகரமும் னகரமும் ஒன்றுதான். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே மலைப் பள்ளிகள் இடம்பெற்றன. பசியோடு உட்கார்ந்த பிள்ளையின் செயல் நினைவைக் கணினியில் பயிற்றுவிப்பதைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

வகுப்பறையில் செயல் நினைவைப் பெரிதாக்க முயல்வதைவிட அதன் மேல் ஏற்றும் சுமையைக் குறைக்கலாம் என்று சூசன் கேத்தர்கோல் போன்ற ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். மூன்று கட்டளையை ஒன்றாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது, நீளமான வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவைப்பது, வாய்ப்பாட்டை அட்டையில் மேஜைமேல் வைத்துக்கொள்ள விடுவது. இதற்குச் செயலி வேண்டாம். ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒருவனுக்காகக் கொஞ்சம் மெதுவாகப் பேசும் பொறுமை வேண்டும், அது மலிவானது என்று நான் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லி நிறுத்துகிறேன். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 மையங்களை எடுத்து, குலுக்கலில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போடவைத்தார்கள். புதுப் பாடத்திட்டம் இல்லை, கருவி இல்லை, ஸ்கேன் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லித்தரும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. வேலைக்கு எடுத்தவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.